ஞாயிற்றுக்கிழமை வட்டி

கௌரிசங்கருக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். பிறகு மூக்கு. இரண்டும் ஒன்றாகச் சிவந்துவிட்டால் அவர் தீர்மானம் எடுப்பார். அன்று ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, சிட்னியின் கிரவீனில் உள்ள அவர் வீட்டு வரவேற்பறையில், இரண்டும் சிவந்திருந்தன.

"முடிஞ்சுது! இண்டையோட எல்லாம் முடிஞ்சுது!" என்று கத்தியபடி போனைத் தூக்கி எறிந்தார். சோபாவில்தான் எறிந்தார். அவர் ஒரு கணக்காளர். போனுக்குக் கண்ணாடி மாற்ற எவ்வளவு செலவு என்று தெரிந்த மனிதன், என்ன கோபம் வந்தாலும் தரையில் எறியமாட்டான்.

குசினியிலிருந்து மனைவி தாரிணி தலையை நீட்டினாள்.

"என்னப்பா முடிஞ்சது? பாலோ?"

"பொறுமை! என்ர பொறுமை முடிஞ்சுது!"

"அது எப்ப இருந்தது, இப்ப முடிய?"

"பகிடி விடாதையும் தாரிணி. உம்மட அண்ணன் இப்ப என்ன சொன்னவர் தெரியுமோ? நான் குறட்டை விடுறனாம். டொக்டரிட்டக் காட்டட்டாம். நான் படுக்கிறது சிட்னியில. அவர் இருக்கிறது ரொறன்ரோவில. பதினையாயிரம் கிலோமீற்றர்! அவ்வளவு தூரத்துக்கோ கேக்குது என்ர குறட்டை?"

"காத்து அந்தப் பக்கம் அடிச்சாக் கேக்கும்."

"நீர்தானே சொன்னனீர்?"

"அண்ணாதானே. கதையோட கதையா வந்திருக்கும்" என்று சொல்லிவிட்டுத் தாரிணி தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். தோசைக் கல் உஸ்ஸென்றது. கௌரிசங்கரும் உஸ்ஸென்றார்.

இந்தக் கோபத்துக்கு வயது ஒன்பது. 2016இல் கௌரிசங்கர் சிட்னியில் கணக்கியலில் மாஸ்டர்ஸ் படித்துக்கொண்டிருந்தார். வெளிநாட்டு மாணவன் என்றால் பல்கலைக்கழகம் பாடத்தைப் பிறகு சொல்லித்தரும், கட்டணத்தை முதலில் கேட்கும். ஒரு நிதி நிறுவனத்தில் கடன் எடுத்தார். கிரெடிட் கார்டைத் தேய்தேய் என்று தேய்த்தார். அப்படியும் கடைசி வருடத்துக்குப் பதினெட்டாயிரம் டொலர் குறைந்தது. படிப்பை விட்டுவிட்டு யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிவிடலாம் என்று சூட்கேஸைக்கூட அலுமாரிக்கு மேலிருந்து இறக்கிவிட்டார். அந்த நேரம் பார்த்துத் தாரிணியின் அண்ணன் சிறி, கனடாவிலிருந்து முழுக் காசையும் அனுப்பிவைத்தார்.

"வட்டி வேண்டாம் கௌரி. முதலையும் அவசரப்படாம ஆறுதலாத் தாரும்" என்றார்.

அந்த 'ஆறுதலா' தான் கௌரிசங்கரின் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. வட்டி கேட்கிறவனோடு சண்டை பிடிக்கலாம். தவணை கேட்கிறவனுக்குப் பொய் சொல்லலாம். ஒன்றுமே கேட்காத மனிதனை என்ன செய்வது? நடுவில் ஒருமுறை இரண்டாயிரம் டொலரைச் சேர்த்து அனுப்பிப் பார்த்தார். மச்சான் அதை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார். வீட்டுக்கு முற்பணம் கட்ட உதவுமாம்.

காசு கேட்காத மச்சான், அதற்குப் பதிலாக ஒவ்வொரு ஞாயிறும் காலை பத்து மணிக்குப் போன் எடுத்துப் புத்திமதி சொன்னார். சிகரெட்டை விடும் என்றார். விட்டார். சிவப்புக் கார் வேண்டாம், பொலிஸ்காரன் கண்ணில் படும் என்றார். சாம்பல் நிறக் கார் வந்தது. பிறந்த மகளுக்குக் கௌரிசங்கர் ஒரு பெயர் யோசித்து வைத்திருந்தார். ஹரிப்பிரியா நல்ல பெயர் என்றார் மச்சான். அவள் இப்போது மூன்றாம் வகுப்பில் ஹரிப்பிரியாவாகப் படித்துக்கொண்டிருக்கிறாள். கடன்பட்டவன் எப்படி மறுப்பான்? வாய் "ஓம் மச்சான்" என்று சொல்லும். காது சிவக்கும்.

இதெல்லாம் போகட்டும். கொத்துரொட்டி வண்டி விஷயம்தான் அவரால் மன்னிக்க முடியாதது. பகல் முழுக்க ஒரு டைல்ஸ் கம்பனியில் அடுத்தவன் காசை எண்ணிக்கொண்டிருக்கிற கௌரிசங்கருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு கனவு இருந்தது. சொந்தமாக ஒரு வண்டி வாங்க வேண்டும், சனி ஞாயிறுகளில் பென்டில் ஹில் பக்கம் நிறுத்திக் கொத்துரொட்டி போட வேண்டும். கணக்கெல்லாம் போட்டு, வண்டிக்குப் பெயர்கூட வைத்துவிட்டார். மச்சான் அந்த ஞாயிறு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"கௌரி, உமக்கு முட்டை அவிக்கத் தெரியுமோ?"

தெரியாது. ஆனால் அதை ரொறன்ரோவில் இருக்கிறவன் கேட்கலாமா?

ஆகவே அன்றைய குறட்டைக் கதைக்குப் பிறகு கௌரிசங்கர் தீர்மானித்துவிட்டார். மிச்சமிருக்கிற படிப்புக் கடன்களை எல்லாம் ஒன்றாக்குவது. வங்கியில் ஒரே பெரிய கடனாக எடுத்து, நிதி நிறுவனத்துக்கு ஒன்பதாயிரத்து நானூறு, கார்டுக்கு நாலாயிரத்து அறுநூறு, மச்சானுக்குப் பதினெட்டாயிரம் என்று எல்லோர் முகத்திலும் விட்டெறிவது. மொத்தம் முப்பத்திரண்டாயிரம். பிறகு வங்கிக்கு மட்டும் கடன்காரன். வங்கி குறட்டையைப் பற்றிக் கேட்காது.

தோசை சாப்பிடும்போது திட்டத்தை அறிவித்தார். தாரிணி கையில் சட்னிக் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"அண்ணாவின்ர கடனுக்கு வட்டி எவ்வளவு?"

"இல்லை."

"பாங்க் எவ்வளவு கேப்பினம்?"

"ஒன்பது, ஒன்பதரை. பத்து எண்டாலும் பறவாயில்லை."

"வட்டி இல்லாத கடனை அடைக்க வட்டிக்குக் கடன் எடுக்கிற கணக்காளரை நான் இப்பதான் கண்ணால பாக்கிறன். இதுக்கோ மாஸ்டர்ஸ் படிச்சனீங்கள்?"

"வட்டி இல்லையோ? ஆர் சொன்னது வட்டி இல்லையெண்டு? ஒவ்வொரு ஞாயிறும் அரைமணித்தியாலம் கட்டுறன் வட்டி! காதால கட்டுறன்! ஒன்பது வருஷமா ஒரு கிழமை தவறாமக் கட்டுறன்!"

"அவர் கெட்டதோ சொன்னவர்? சிகரெட்டை விட்டது கெட்டதோ?"

"நல்லதைச் சொன்னதுதான் எனக்கு ஆத்திரம்! ஒருநாளாவது ஒரு பிழையான புத்தி சொல்லியிருந்தா, நான் மனுசனாத் திருப்பி ஏசியிருப்பன்." கௌரிசங்கர் கதிரையைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார். "அது மட்டுமில்லை. உம்மட ஹெக்ஸையும் இதோட சேர்த்து ஒண்டாக்கப்போறன்."

ஹெக்ஸ் என்பது தாரிணியின் கடன். குடியுரிமை கிடைத்த பிறகு அவள் அரசாங்கக் கடனில் நர்ஸிங் படித்து, இப்போது வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாள். அந்தக் கடன் அவள் சம்பளத்தில் வரியோடு வரியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிகிறது. விலைவாசிக்கு ஏற்ப ஆண்டுதோறும் ஜூன் முதலாம் திகதி அது கொஞ்சம் ஏறும். அந்தத் திகதி வந்தால் கௌரிசங்கர் காலையிலேயே காது சிவந்துதான் எழும்புவார்.

"என்ர ஹெக்ஸில கை வைக்க வேண்டாம்" என்றாள் தாரிணி. குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "அரசாங்கமே அதில இருபது வீதத்தைக் கழிச்சு விட்டிருக்கு. வேலை இல்லாமப் போனா ஒருத்தரும் வாசல்ல வந்து நிக்க மாட்டினம். அதைக் கொண்டுபோய் ஒன்பது வீத வட்டிக்கு வைக்கிறதெண்டால், முதல்ல தலையை ஒருக்கா ஸ்கான் எடுத்துப்போட்டு வாங்கோ. நான் வேலை செய்யிற இடத்தில நல்ல மெஷின் இருக்கு."

"சரி, ஹெக்ஸை விடுவம். மற்ற மூண்டையும் ஒண்டாக்குவன்."

"மற்ற ரண்டையும் ஒண்டாக்குங்கோ. அண்ணாவை விடுங்கோ."

"அண்ணாவைத்தான் முதல்ல!"

"நான் வேண்டாம் எண்டுறன்."

"நீர் வேண்டாம் எண்டால் வேண்டாமோ? இந்த வீட்டில ஒரு முடிவாவது நான் எடுக்கக்கூடாதோ? கார் அவர் சொன்னது. பேர் அவர் சொன்னது. இப்ப நித்திரை கொள்ளுறதும் அவர் சொன்னபடியோ?"

தாரிணி தட்டுகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள். சண்டையில் தான் வென்றுவிட்டதாகக் கௌரிசங்கர் நினைத்தார். கலியாணமாகிப் பதின்மூன்று வருடம் கழித்தும் அப்படி நினைக்கிற மனிதனுக்காக நாம் பரிதாபப்படலாம், வேறென்ன செய்ய?

அடுத்த செவ்வாய்க்கிழமை, வேலைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு, மனைவிக்குத் தெரியாமல் சச்சிதானந்தனைப் பார்க்கப் போனார். சச்சிதானந்தன் கடன் புரோக்கர். சிட்னியின் மேற்குப் பக்கத்தில் வீடு வாங்கிய தமிழரில் பாதிப்பேர் அவருடைய மேசையில் கையெழுத்து வைத்தவர்கள். எதற்கும் கோபப்படாதவர். கோபப்படாதவர்களைக் கண்டாலே கௌரிசங்கருக்குக் கோபம் வரும்.

"முப்பத்திரண்டாயிரம். அஞ்சு வருஷம். ஒன்பது தசம் ஒன்பது வீதம்" என்று சச்சிதானந்தன் கணினியில் தட்டினார். "மாசம் அறுநூற்றி எழுபத்தெட்டு வரும் தம்பி. மொத்த வட்டி எண்ணாயிரத்து எழுநூறு. அதில உங்கட மச்சான்ர பங்குக்கு மட்டும் நாலாயிரத்து எண்ணூற்றித் தொண்ணூறு டொலர் சொச்சம். வடிவா யோசிச்சனீங்களோ?"

கௌரிசங்கர் யோசித்தார். மனதுக்குள்ளேயே கணக்குப் போட்டார். ஐந்து வருடத்தில் இருநூற்று அறுபது ஞாயிற்றுக்கிழமை. மச்சான் பங்கு வட்டியை வகுத்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் பதினெட்டு டொலர் எண்பது சதம்.

"மலிவு அண்ணை. எங்க கையெழுத்து வைக்கிறது?"

"வீட்டில தாரிணிக்குச் சொல்லியாச்சோ?"

"ஏன், அவவின்ர கையெழுத்தும் வேணுமோ?"

"தேவையில்லை. சும்மா கேட்டனான்."

"அப்ப அவவுக்குத் தெரியக்கூடாது. கடன் காசு கைக்கு வந்து, கனடாவுக்குப் போய்ச் சேரும் வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியக்கூடாது."

"இஞ்ச கதைச்சது இந்த நாலு சுவரைத் தாண்டாது தம்பி" என்றார் சச்சிதானந்தன். தாண்டவில்லைதான். ஆனால் அந்த அலுவலகம் அவர் வீட்டுக் கராஜில் இருந்தது. நாலு சுவரில் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி விமலாவின் குசினி. இது கௌரிசங்கர் கணக்கில் எடுக்காத ஒரு சுவர்.

இரண்டு கிழமையில் கடன் கிடைத்தது. வங்கி, நிதி நிறுவனத்துக்கும் கார்டுக்கும் நேரே கட்டிவிட்டது. மிச்சம் பதினெட்டாயிரம் கௌரிசங்கரின் கணக்கில் வந்து விழுந்தது. அதே மத்தியானம், டைல்ஸ் கம்பனியின் கார் பார்க்கில் நின்றபடி, அதைக் கனடாவுக்கு அனுப்பினார். அனுப்புகிற கட்டணம், மாற்று விகிதம் எதையும் பார்க்கவில்லை. ஒரு கணக்காளன் விகிதத்தைப் பார்க்காமல் காசு அனுப்புகிறான் என்றால் அவன் எவ்வளவு கோபத்தில் இருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

பிறகு மச்சானுக்குப் போன் எடுத்தார். ஒன்பது வருடத்தில் அவராக எடுத்த முதல் போன். என்ன பேசுவது என்று மூன்று நாளாகக் குளியலறையில் ஒத்திகை பார்த்து வைத்திருந்தார்.

"மச்சான், உங்கட பதினெட்டாயிரமும் வருது. ஒரு சதம் குறையாது. நீங்கள் செய்த உதவியை மறக்கமாட்டன். அதோட ஒண்டு சொல்லவேணும். இனி நான் என்ன கார் ஓடுறது, என்னண்டு நித்திரை கொள்ளுறது, முட்டை அவிக்கிறதோ பொரிக்கிறதோ எல்லாம் என்ர பிரச்சினை. ஞாயிற்றுக்கிழமையில நீங்கள் கஷ்டப்பட்டுப் போன் எடுக்கத் தேவையில்லை. விளங்குதோ?"

மச்சான் கோபிப்பார், கெஞ்சுவார், நன்றி கெட்டவன் என்பார் என்று எதிர்பார்த்து, மூன்றுக்கும் தனித்தனிப் பதில் வைத்திருந்தார் கௌரிசங்கர்.

"உண்மையாவே எடுக்கத் தேவையில்லையோ கௌரி?" என்று கேட்டார் சிறி.

"தேவையில்லை!"

"அப்பாடா" என்று சொல்லிவிட்டு மச்சான் வைத்துவிட்டார்.

அந்த 'அப்பாடா' கௌரிசங்கரின் காதில் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் வெற்றி பெற்ற மனிதன் உறுத்தலைப் பற்றிக் கவலைப்படுவதில்லை.

முதல் ஞாயிறு வந்தது. பத்து மணி அடித்தது. போன் அடிக்கவில்லை. கௌரிசங்கர் காலை நீட்டிக் கதிரையில் சாய்ந்து, தேத்தண்ணியை ஒவ்வொரு மிடறாகக் குடித்தார். தாரிணி ஒன்றும் கேட்கவில்லை. அண்ணா ஏன் எடுக்கவில்லை என்றுகூடக் கேட்கவில்லை. அப்போதாவது அவர் விழித்திருக்க வேண்டும். கோபக்காரனுக்கு அடுத்தவன் போடுகிற சத்தம் கேட்கும், மௌனம் கேட்காது.

இரண்டாவது ஞாயிறும் பத்து மணிக்குப் போன் அடிக்கவில்லை. பத்தேகாலுக்குக் கௌரிசங்கர் குசினி வாசலில் போய் நின்று நெஞ்சை நிமிர்த்தினார்.

"தாரிணி, இரண்டு விஷயம் சொல்லவேணும். ஒண்டு, உம்மட அண்ணன்ர கடன் முடிஞ்சுது. முழுக்கக் கட்டிப்போட்டன். இரண்டு, கொத்துரொட்டி வண்டி ஒண்டு பாத்திருக்கிறன். பிளாக்டவுனில ஒருத்தன் விக்கிறான். நாளைக்கு முற்பணம் குடுக்கப்போறன். இனி என்னை வேண்டாம் எண்டு சொல்ல இந்த உலகத்தில ஒருத்தரும் இல்லை!"

தாரிணி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"வேண்டாம்" என்றாள்.

"என்ன வேண்டாம்?"

"வண்டி வேண்டாம். உங்களுக்கு முட்டை அவிக்கத் தெரியாது."

கௌரிசங்கரின் காது சிவக்கத் தொடங்கியது. "அது உம்மட அண்ணன் கேட்ட கேள்வி!"

"அண்ணா கேட்டவர். நான் கேக்கச் சொன்னனான்."

"என்ன?"

தாரிணி கத்தியைக் கீழே வைத்தாள். கையைக் கழுவினாள். துவாயில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். அவள் இவ்வளவு ஆறுதலாக ஒரு வேலை செய்து கௌரிசங்கர் பார்த்ததே இல்லை.

"சிகரெட்டை விடச் சொல்லி நான் நாலு வருஷம் கத்தினனான். கேட்டனீங்களோ? அண்ணா ஒருக்காச் சொன்னவுடன விட்டனீங்கள். அப்பத்தான் எனக்கு வெளிச்சது. நீங்கள் பெண்சாதி சொல்லுறதைக் கேக்கமாட்டியள். கடன் தந்தவன் சொன்னாக் கேப்பியள். பிறகென்ன, சனிக்கிழமை பின்னேரம் நான் அண்ணாவுக்கு எழுதி அனுப்புவன். ஞாயிற்றுக்கிழமை அவர் உங்களுக்கு வாசிப்பார். கார், பேர், குறட்டை எல்லாம் நான்தான்."

"ஒன்பது வருஷம்…" கௌரிசங்கருக்கு மூச்சு வாங்கியது. "ஒன்பது வருஷம் இந்தக் குசினியில இருந்து கனடாவுக்குப் போய், கனடாவில இருந்து இந்த ஹோலுக்கு வந்ததோ?"

"ஓம். எனக்கும் அலுத்துப்போச்சு. அதுதான் விமலா அக்கா போன் எடுத்து, இவர் எங்கட வீட்டுக் கராஜில கையெழுத்து வைக்கிறார், மறிக்கட்டோ எண்டு கேக்கேக்க, வைக்கட்டும் விடுங்கோ எண்டு சொன்னனான்."

"விமலா அக்காவுக்கும் உமக்கும் என்ன?"

"அவ என்ர சீட்டில இருக்கிறா."

"என்ன சீட்டு?"

"நான் பிடிக்கிற சீட்டு. இருபத்திநாலு பேர். ஆளுக்கு மாசம் எழுநூற்றைம்பது. பத்து வருஷமா நடக்குது. நீங்கள்தான் ஒருநாளும் கேக்கேல்லை."

உண்மைதான். மனைவியின் சம்பளம் எவ்வளவு என்று கேட்பது ஆண்பிள்ளைக்கு அழகில்லை என்பது கௌரிசங்கரின் கொள்கை. கேட்காததால் அவள் சொல்லவும் இல்லை. ஆனால் கோபத்திலும் அவருடைய மூளையில் கணக்காளன் தனியாக வேலை செய்துகொண்டிருந்தான். இருபத்திநாலு தர எழுநூற்றைம்பது. அவருடைய மூக்கும் சிவந்தது.

"பதினெட்டாயிரம்" என்றார் மெதுவாக.

"ஓம். முதல் மாசச் சீட்டு, அதை நடத்துற ஆளுக்கு. கழிவு இல்லாம முழுசா."

"அப்ப அந்தக் காசு…"

"என்ர காசு. முதியோர் இல்லத்தில இரவு வேலையும் பகல் வேலையும் செய்து கட்டின சீட்டு. உங்களுக்கு நேர நீட்டினா வாங்கியிருப்பியளோ? பெண்சாதி உழைச்ச காசில படிக்கமாட்டன், படிப்பை விட்டாலும் விடுவன் எண்டு சூட்கேஸை இறக்கி வச்சுக்கொண்டு நிண்டனீங்கள். அதுதான் அண்ணாவுக்கு அனுப்பி, அண்ணாவால உங்களுக்கு அனுப்புவிச்சனான்."

"என்னை ஏமாத்தியிருக்கிறீர்! எல்லாருமாச் சேர்ந்து என்னை ஒரு மடையனாக்கி…"

"கத்தாதேங்கோ!" இப்போதுதான் தாரிணியின் குரல் உயர்ந்தது. "நீங்கள் பட்டம் வாங்கின அண்டைக்கு வீட்டில பார்ட்டி வச்சமே, நினைவிருக்கோ? ஐம்பது பேருக்கு முன்னால எழும்பி நிண்டு, என்னை மனுசனாக்கினது என்ர மச்சான் எண்டு கண்கலங்கப் பேசினீங்கள். நான் இரவு வேலை முடிச்சு வந்து, நித்திரை கொள்ளாம, உங்களுக்குப் பின்னால நிண்டு ரோல்ஸ் பொரிச்சுக்கொண்டிருந்தனான். எண்ணெய் கையில தெறிச்சது. ஒருத்தரும் திரும்பிப் பாக்கேல்லை. கோபம் உங்களுக்கு மட்டும்தான் வருமெண்டு நினைச்சியளோ?"

அவளுடைய காதும் சிவந்திருந்ததைக் கௌரிசங்கர் முதன்முதலாகக் கவனித்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுப் பழக்கமில்லாதவர் என்பதால் அதையும் கோபமாகத்தான் வெளியே விட்டார்.

"சரி! அப்ப கடன் முடிஞ்சுது. மச்சான் காசை உமக்கு அனுப்பியிருப்பார். வரவும் செலவும் சரி. இனி நான் பாங்குக்கு மட்டும்தான் கட்டவேணும்!"

"பாங்குக்கு ஏன் கட்டுறியள்?"

"பிறகு? முப்பத்திரண்டாயிரம் கிடக்கே."

"கிடக்கேல்லை. அண்ணா அனுப்பின பதினெட்டாயிரம், இந்த முறை சீட்டில வந்த பதினாலாயிரம். வெள்ளிக்கிழமை கொண்டுபோய்க் கட்டி மூடிப்போட்டன். தவணைக்கு முதலே கட்டி முடிச்சாத் தண்டம் இல்லாத கடனாப் பாத்துக் குடுக்கச் சொல்லி விமலா அக்காவிட்டச் சொல்லி வச்சனான்." தாரிணி மேசை லாச்சியைத் திறந்து ஒரு கொப்பியை எடுத்து நீட்டினாள். கோடு போட்டு, திகதி எழுதி, வரவு செலவு பிரித்து, எந்தக் கணக்காளனும் குறை சொல்ல முடியாத கொப்பி. "கனடாவுக்குக் காசு போக ஒருக்கா, வர ஒருக்கா எண்டு விகிதத்தில நானூற்றிப் பத்து டொலர் போயிட்டுது. பாங்க் எடுத்த சில நாள் வட்டியும் இருக்கு. அதுகளையும் உங்கட பக்கத்தில எழுதியிருக்கிறன். கடனெல்லாத்தையும் ஒண்டாக்க வேணுமெண்டனீங்கள். ஒண்டாக்கிப்போட்டன்."

கௌரிசங்கர் கொப்பியைப் பார்த்தார். மூன்று பேருக்குக் கொடுக்க வேண்டிய கடன் ஒரே ஆளுக்கு வந்திருந்தது. அந்த ஆள் கூட்டல் கழித்தலில் அவரைவிடச் சுத்தம். அந்த ஆள் பக்கத்துத் தலையணையில் படுக்கிற ஆள். இனித் திங்கள் இல்லை, செவ்வாய் இல்லை, எல்லா நாளும் ஞாயிற்றுக்கிழமைதான்.

"வண்டி…" என்றார், உள்ளே போன குரலில்.

"வேண்டாம்."

"ஓம்" என்றது அவருடைய வாய். பழக்கதோஷம்.

தாரிணி மறுபடியும் வெங்காயத்துக்குப் போனாள். கௌரிசங்கர் போனை எடுத்துக்கொண்டு பின்பக்கத் தோட்டத்துக்கு நடந்தார். உடுப்புக் காயப்போடுகிற கம்பிக்கு அந்தப் பக்கம், குசினி யன்னலில் இருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், ஒரு விரிப்புக்குப் பின்னால் ஒளிந்து நின்றுகொண்டு கனடாவுக்கு எடுத்தார்.

"மச்சான், நான் கௌரி. அண்டைக்குக் கொஞ்சம் கூடக் கதைச்சுப்போட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"அதை விடும் கௌரி. நான் மட்டும் என்ன, விரும்பியோ எடுத்தனான்? உங்கட ஞாயிறு காலமை இஞ்ச எங்களுக்குச் சனிக்கிழமை பின்னேரம், ஒரு நல்லது கெட்டதுக்குப் போக விட்டதில்லை அவள். எழுதி அனுப்பினதில ஒரு வரி விட்டாலும் திரும்ப எடுக்கச் சொல்லுவாள்."

"மச்சான், எனக்கு ஒரு உதவி செய்யவேணும்" என்று கௌரிசங்கர் குரலை இன்னும் தாழ்த்தினார். "உங்களிட்ட முப்பத்திரண்டாயிரம் இருந்தா அனுப்புங்கோ. வட்டியோட தாறன். இதைத் தாரிணியிட்டக் குடுத்து முடிச்சுப்போட்டு, நான் பழையபடி உங்களுக்கே கடன்காரனா இருக்கிறன். கிழமைக்கு ஒருக்கா எடுத்து என்னவெண்டாலும் சொல்லுங்கோ, கேக்கிறன்."

அந்தப் பக்கம் பெருமூச்சு ஒன்று கேட்டது.

"தரலாம் கௌரி, அதிலயென்ன" என்றார் சிறி. "பொறும், தாரிணியிட்ட ஒருக்காக் கேட்டுப்போட்டுச் சொல்லுறன்."